லேஸோ தீவில் கோடை விடுமுறை: ஒரு நாள் போதுமா, தங்கிப் பார்க்க வேண்டுமா?

கோபன்ஹேகன்_நிலா

வணக்கம். ஜூலையில் அப்பா அம்மா கோவையிலிருந்து எங்களிடம் வருகிறார்கள். இருவருக்கும் எழுபதை நெருங்கும் வயது. அப்பாவுக்கு வரலாறு என்றால் உயிர். அம்மாவுக்குக் கூட்டம் ஆகாது, கடலும் காற்றும் இருந்தால் போதும். மகளுக்கு ஒன்பது வயது. நகரம் நகரமாக அலையாமல் டென்மார்க்கிலேயே ஏதாவது ஒரு அமைதியான தீவில் போய் இருக்கலாம் என்று யோசிக்கிறோம்.

அலுவலகத்தில் ஒருவர் லேஸோ என்றார். கட்டெகாட் கடலில், டென்மார்க்கின் பெருநிலப் பகுதியான ஜூட்லாந்துக்குக் கிழக்கே இருக்கிறதாம். மற்ற எல்லாரும் போர்ன்ஹோல்ம் தீவுக்குப் போ என்கிறார்கள். லேஸோவுக்குப் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? போய்த் தங்குகிற அளவுக்கு அங்கே என்ன இருக்கிறது?

ஹேர்னிங்_மலர்

தங்கச்சி, நாங்கள் ஜூட்லாந்தில் இருப்பதால் எங்களுக்கு லேஸோ பக்கம். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்த காலத்திலிருந்து போய்வருகிறோம். ஃப்ரெடெரிக்ஸ்ஹவ்ன் துறைமுகத்தில் ஃபெர்ரி ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் வெஸ்டரோ ஹவ்ன். உங்களுக்குக் கோபன்ஹேகனில் இருந்து ரயிலில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனால் ஸ்டேஷனுக்கும் துறைமுகத்துக்கும் நடக்கிற தூரம்தான். காரோடு போவதென்றால் ஃபெர்ரியில் காருக்கு இப்போதே இடம் பிடித்துவிடுங்கள். ஜூலையில் கடைசி நேரத்தில் கேட்டால் கிடைக்காது.

சுமார் 118 சதுர கிலோமீட்டர் தீவு. ஆட்கள் 1,800 பேர் அளவில்தான். டென்மார்க்கிலேயே மக்கள்தொகை குறைந்த நகராட்சி அதுதான். மேற்கே வெஸ்டரோ ஹவ்ன், நடுவில் பியூரும், கிழக்கே ஓஸ்டர்பி ஹவ்ன் என்று மூன்று ஊர். மேடு பள்ளம் இல்லை, சைக்கிளுக்கு ஏற்ற இடம். தீவுக்குள் பஸ் இலவசம், அது பெரியவர்களுக்கு வசதி. வடக்குக் கரை முழுக்க வெள்ளை மணல். தண்ணீர் ஆழமில்லாமல் நெடுந்தூரம் போகும், பிள்ளைகளை இறக்கிவிடலாம். தெற்கே போனால் முற்றிலும் வேறு உலகம், அது உப்புச் சதுப்பு. அம்மாவுக்குக் கட்டாயம் பிடிக்கும்.

தெற்கத்திக்காரன்

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். லேஸோ நல்ல இடம்தான், ஆனால் காலை ஃபெர்ரியில் போய் மாலை ஃபெர்ரியில் திரும்பினாலே பார்த்து முடித்துவிடலாம். இந்தியாவிலிருந்து அவ்வளவு செலவு செய்து வருகிற பெற்றோரை நாள்கணக்கில் அங்கே உட்கார வைப்பது சரியாகப் படவில்லை.

அப்பாவுக்கு வரலாறு பிடிக்கும் என்றால் போர்ன்ஹோல்ம்தான். ஹமர்ஸ்ஹூஸ் கோட்டை இடிபாடு, இடைக்காலத்து வட்டத் தேவாலயங்கள் நான்கு, கருங்கல் பாறைக் கரை. கண்ணுக்கு முன்னால் நிற்கிற வரலாறு. லேஸோவில் கோட்டையும் இல்லை, அரண்மனையும் இல்லை.

ஆழிமகன்

கோட்டை இல்லை என்பது உண்மை. லேஸோவின் வரலாறு கட்டடத்தில் இல்லை, மண்ணில் இருக்கிறது. அதனால்தான் அந்தத் தீவுக்கு ஒரு நாள் போதாது என்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெற்குக் கரையில் ரோனர்ன என்கிற பெரிய சதுப்பு வெளி. பனியுகத்துக்குப் பிறகு பனிப்பாறையின் பாரம் நீங்கிய நிலம் இன்னும் மெல்ல மெல்ல மேலே வந்துகொண்டிருக்கிறது, தீவு தெற்கே வளர்ந்துகொண்டே போகிறது. தரை அவ்வளவு தட்டையாக இருப்பதால் குளிர்காலத்தில் கடல் உள்ளே ஏறிப் பரவும். கோடையில் வற்றும். வெயிலும் காற்றும் நீரை எடுத்துக்கொள்ள, மிஞ்சுகிற அடர்த்தியான உப்புநீர் மணலுக்குள் இறங்குகிறது. கீழே களிமண் படுகை இருப்பதால் அதற்கு மேல் இறங்க முடியாமல் அங்கேயே தங்கிவிடுகிறது. ஆழமில்லாத குழி தோண்டினாலே போதும், 10 சதவீதத்துக்கும் மேல் உப்புள்ள நீர் கிடைக்கும். சுற்றியிருக்கிற கடலைவிடப் பல மடங்கு.

இதை இடைக்காலத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். தீவு அப்போது வீபோர்க் பேராலயத்துக் குருமார் சபையின் உடைமை. தீவு மக்கள் வரியை உப்பாகவே கட்டினார்கள். ஹெர்ரிங் மீனைப் பதப்படுத்தவும் இறைச்சியைக் குளிர்காலம் முழுக்க வைத்திருக்கவும் உப்பைத் தவிர வேறு வழி இல்லாத காலம் அது. ரோனர்ன முழுக்க உப்புக் காய்ச்சிய குடிசைகளின் தடம் நூற்றுக்கணக்கில் கிடக்கிறது. ஓர்ஹூஸ் பல்கலைக்கழகத் தொல்லியலாளர் யென்ஸ் வெல்லெவ் இவற்றை வருடக்கணக்காக ஆராய்ந்தவர்.

காய்ச்ச விறகு வேண்டுமே. தீவின் காட்டை வெட்டி எரித்தார்கள். நூற்றாண்டுக் கணக்கில் எரித்து, கடைசியில் காடே இல்லாமல் போனது. 1652-இல் உப்புக் காய்ச்சுவது நின்றது. அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. பிடித்துவைக்க மரம் இல்லாததால் மணல் கிளம்பியது. வடக்குப் பகுதியில் வயலும் பண்ணையும் மணலுக்குள் போயின. இன்று நாம் சைக்கிள் ஓட்டுகிற வடக்குக் காடுகள், மணலைக் கட்டுப்படுத்த 20-ஆம் நூற்றாண்டில் நட்டு வளர்த்தவை.

தீவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் இந்தக் கதையின் ஏதோ ஒரு துண்டு கண்ணில் படும். சைக்கிளில் மெதுவாகப் போனால்தான் அது தொடர்ச்சியாகத் தெரியும். மாலை ஃபெர்ரிக்கு மணி பார்த்துக்கொண்டே ஓடினால் ஒரு கடற்கரையும் ஒரு ஐஸ்கிரீம் கடையும்தான் மிச்சம்.

கோபன்ஹேகன்_நிலா

ஆழிமகன் அண்ணா, இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவருடைய முதல் கேள்வி: ஏன் விறகு? பாத்தி கட்டி வெயிலில் காய வைத்திருக்கலாமே?

ஆழிமகன்

அப்பா சரியான இடத்தைப் பிடித்திருக்கிறார். அந்த அட்சரேகையில் வெயில் போதாது. வெயில் காய்கிற நாட்களிலும் நடுவில் மழை வந்து பாத்தியைக் கரைத்துவிடும். இயற்கை நமக்காகப் பாதி வேலையை மணலுக்கு அடியில் முடித்துக் கொடுக்கிறது, மீதிப் பாதிக்கு நெருப்பு வேண்டும்.

1990-களின் தொடக்கத்தில் தொல்லியல் சோதனையாக இதை மறுபடி செய்து பார்த்தார்கள். அது வளர்ந்து இன்று பியூருமுக்குத் தெற்கே உப்புக் காய்ச்சும் குடிசையாக நடக்கிறது. அகலமான இரும்புத் தட்டில் உப்புநீர் கொதிக்கும். மேலே படிகிற உப்பை வாரிக் கூடையில் போட்டுத் தொங்கவிடுவார்கள், நீர் சொட்டி வடியும். உள்ளே புகையும் ஆவியுமாக இருக்கும். அப்பாவுக்கு மூச்சுத் தொந்தரவு இருந்தால் வாசலில் நின்று பார்க்கலாம். வேலை செய்கிறவர்கள் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்வார்கள்.

பசுமைவழி

எனக்கு ஒரு நெருடல். காட்டை அழித்த தொழில் என்று தெரிந்தும் அதே தொழிலை விறகு எரித்துச் சுற்றுலாவுக்காக நடத்துவது நியாயமா?

ஆழிமகன்

நியாயமான கேள்வி. என் கருத்து: அளவுதான் வேறுபாடு. அன்று நூற்றுக்கணக்கான குடிசைகள், ஏற்றுமதி, வரி. இன்று நட்டு வளர்த்த காட்டைப் பராமரிக்கும்போது கிடைக்கிற மரமே போதும் என்கிற சின்ன அளவு. தவிர, அங்கே போகிற ஒவ்வொரு குழந்தையும் காடு எப்படித் தீர்ந்தது என்பதைக் கேட்டுவிட்டுத்தான் வெளியே வருகிறது. அழிவின் கதையை மறைத்து உப்புப் பொட்டலம் மட்டும் விற்றிருந்தால் நானும் உங்கள் பக்கம் நின்றிருப்பேன்.

தாழ்வாரம்

கட்டடக்கலை படிக்கிறவள் என்ற முறையில் நான் இங்கே நுழைகிறேன். ஆழிமகன் சொன்ன கதைக்கு அடுத்த பாகம் கூரைகள்.

மரம் இல்லை, வைக்கோலும் குறைவு. அப்போது தீவு மக்களுக்குக் கிடைத்தவை இரண்டு. சுற்றியுள்ள மணல் திட்டுகளில் தரைதட்டி உடைந்த கப்பல்களின் மரம் ஒன்று. கரையில் குவியல் குவியலாக ஒதுங்கிய கடற்புல் இன்னொன்று. கப்பல் மரத்தில் சட்டம் கட்டி, கடற்புல்லால் கூரை போட்டார்கள். கடலுக்கு அடியில் மணலில் வேர்விட்டு வளர்கிற, நீண்ட நாடா போன்ற புல் அது. உப்பு ஊறியிருப்பதால் அழுகாது, பூச்சி அண்டாது, எளிதில் தீப்பிடிக்காது.

காய்ந்த புல்லை முறுக்கித் தடித்த புரிகளாக்கி, கூரையின் கீழ் வரிச்சில் நெருக்கமாகக் கட்டுவார்கள். அதற்கு மேல் உதிரிப்புல்லை அள்ளிப் போட்டு மிதித்து மிதித்து இறுக்குவார்கள். ஒரு கூரை ஒரு மீட்டர் கனம்கூட வரும், எடை முப்பது நாற்பது டன். நூறு, இருநூறு ஆண்டு தாங்கிய கூரைகள் உண்டு. கிட்டே போய்ப் பாருங்கள், ஏதோ பெரிய மிருகம் வீட்டின் மேல் படுத்திருப்பது போல இருக்கும்.

இந்த வேலையைச் செய்தவர்கள் பெண்கள். ஆண்கள் கப்பலில் போய்விடுவார்கள். உழவு, மாடு, வீடு எல்லாம் பெண்கள் கையில். கூரை போடும் நாளில் சுற்றுவட்டாரத்துப் பெண்கள் அத்தனை பேரும் ஒரே வீட்டில் கூடிவிடுவார்கள்.

1930-களில் வட அட்லாண்டிக் கரைகள் எங்கும் கடற்புல்லுக்கு நோய் வந்து அழிந்தது. பழுது பார்க்கப் புல் இல்லாமல் கூரைகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. ஒரு காலத்தில் தீவு முழுக்க இருந்தவற்றில் இப்போது எஞ்சியிருப்பது சுமார் இருபது வீடுகள்தான். அண்மைக் காலத்தில் மறுபடி கூரை போடக் கற்றுக்கொண்டு சில வீடுகளைக் காப்பாற்றியிருக்கிறார்கள். 1865-இல் கட்டிய கலீனவின் வீடு என்பதை ரியல்டானியா அமைப்பு புதுப்பித்தது. அதே அமைப்புக்காக வண்ட்குன்ஸ்டன் கட்டடக்கலைக் குழுவினர் 2013-இல் கடற்புல்லை வலைப்பைகளில் அடைத்து நவீன வீடு ஒன்றையும் கட்டினார்கள். என் படிப்புக்கு அது ஒரு பெரிய பாடம். சுவருக்கும் கூரைக்கும் உள்ளே வெப்பக் காப்பும் அதே புல்தான்.

உள்ளே போய்ப் பார்க்க அருங்காட்சியகப் பண்ணை வீடு இருக்கிறது. மற்ற வீடுகளில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள், சாலையில் நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஹேர்னிங்_மலர்

தாழ்வாரம், வடிவாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். லேஸோவைப் பெண்களின் தீவு என்று புகழ்ந்து பேசுவதை அங்கே நிறையக் கேட்கலாம். எனக்கு அந்தப் புகழ்ச்சி முழுதாக ஒத்துப்போவதில்லை. ஆண்கள் கடலில், திரும்பி வருவார்களா என்று தெரியாது. மணல் மூடிய நிலத்தில் உழுது, முப்பது டன் புல்லைக் கையால் தூக்கி, பிள்ளையும் வளர்த்தார்கள் என்றால் அது விருப்பத்தில் எடுத்துக்கொண்ட அதிகாரம் இல்லை, வேறு வழி இல்லாமல் சுமந்த சுமை. அவர்கள் போட்ட வெள்ளி அலங்காரத்தோடு கூடிய பண்டிகை உடுப்பைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போது கூடவே இதையும் நினைக்க வேண்டும்.

தாழ்வாரம்

அக்கா, மறுக்க மாட்டேன். இரண்டும் சேர்ந்ததுதான் உண்மை என்று நினைக்கிறேன். சுமைதான், ஆனால் அந்தச் சுமையில் ஒரு தொழில்நுட்பத்தையே உருவாக்கியிருக்கிறார்கள். அதற்கு அவர்களுக்குரிய மரியாதை வெகுகாலம் கிடைக்கவில்லை.

பசுமைவழி

யாரும் தேனீயைச் சொல்லவில்லையே. லேஸோவில் வடக்கு ஐரோப்பாவுக்கே உரிய பழுப்புத் தேனீ இனம் காப்பாற்றப்பட்டு வருகிறது. வேறு இனத் தேனீ கலந்தால் அந்த இனம் கரைந்து போய்விடும் என்பதால், 1993-இல் தீவில் வேறு தேனீ வளர்க்கக் கூடாது என்று டென்மார்க் அரசு விதி போட்டது. பொருட்கள் தடையில்லாமல் போய்வர வேண்டும் என்ற ஐரோப்பியச் சட்டத்துக்கு இது முரண் என்று வழக்கு போனது. 1998 டிசம்பரில் லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம், பல்லுயிர் காக்க இப்படி ஒரு தடை விதிக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. ஐரோப்பியச் சட்டம் படிக்கிறவர்கள் இன்றும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள். இந்தச் சின்னத் தீவின் தேனீ அவ்வளவு பெரிய நீதிமன்றம் வரை போனதை உங்கள் மகளிடம் சொல்லுங்கள், பிடிக்கும். தீவுத் தேனும் வாங்கலாம்.

தெற்கத்திக்காரன்

எல்லாம் நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. உப்பு விஷயம் எனக்குத் தெரியாதது, நன்றி ஆழிமகன். ஆனால் நடைமுறைக்கு வாருங்கள். மழை பெய்தால்? ஜூலையிலும் இங்கே வாரம் முழுக்க மழையும் காற்றும் இருக்கலாம். எழுபது வயதுக்காரர்கள் சதுப்பில் எப்படி நடப்பார்கள்?

ஹேர்னிங்_மலர்

தம்பி கேட்டது நல்ல கேள்வி. பெரியவர்கள் ரோனர்னவுக்குள் நடக்க வேண்டாம். குதிரை வண்டிப் பயணம் இருக்கிறது, சதுப்புக்கு நடுவே ஹோர்ன்ஃபிஸ்க்ரோன் என்ற இடம் வரை கூட்டிப்போவார்கள். வண்டி தண்ணீருக்குள் இறங்கி ஏறும். எங்கள் அம்மாவைக் கூட்டிப்போனபோது அவர் முழு வழியும் கதைத்துக்கொண்டே வந்தார், அவ்வளவு சந்தோஷம். முன்பதிவு அவசியம். ஜூலையானாலும் காற்று குளிரும், எல்லாருக்கும் காற்றுத் தடுப்பு ஜாக்கெட் எடுங்கள்.

நீங்களும் மகளும் நடந்தால் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். பறவைகள் தரையில் முட்டையிடுகிற இடம், சில பகுதிகளுக்குள் இனப்பெருக்கக் காலத்தில் போகக் கூடாது. பலகையில் தேதி போட்டிருக்கும். அதை மீறுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். சிவப்பு அலகோடு சிப்பிபிடிப்பான், மேல்நோக்கி வளைந்த அலகோடு அவோசெட் எல்லாம் வரம்புக்கு வெளியே நின்றே தாராளமாகப் பார்க்கலாம். பைனாகுலர் ஒன்று கொண்டு போங்கள்.

புதரிலும் உயரப் புல்லிலும் உண்ணி இருக்கும். மாலையில் எல்லாருடைய காலையும் முழங்கால் மடிப்பையும் பார்த்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். மகளுக்குத் தலைமுடி ஓரமும் பாருங்கள்.

மழை நாளுக்கு: வெஸ்டரோ ஹவ்னில் பழைய தேவாலயக் கட்டடம் ஒன்றுக்குள் உப்புநீர்க் குளியல் நிலையம் இருக்கிறது. வெதுவெதுப்பான உப்புநீர்த் தொட்டி, உப்பு தேய்த்துவிடுவது எல்லாம் உண்டு. மூட்டு வலிக்காரர்களுக்கு மிக இதம். அப்புறம் பியூருமில் 17 மீட்டர் உயரக் கோபுரம், மழை விட்ட நேரத்தில் ஏறினால் தீவு முழுக்கத் தெரியும். வெஸ்டரோவில் வயலுக்கு நடுவே நிற்கிற இடைக்காலத் தேவாலயத்தில் சுவரோவியங்கள் இருக்கின்றன, அப்பாவைக் கட்டாயம் கூட்டிப்போங்கள்.

கோபன்ஹேகன்_நிலா

அக்கா, சாப்பாடு? அப்பா அம்மா சுத்த சைவம். நானும் அவரும் மகளும் எல்லாம் சாப்பிடுவோம்.

ஹேர்னிங்_மலர்

வீடு எடுங்கள் தங்கச்சி, ஹோட்டல் வேண்டாம். கோடை வீடுகளை ஜூலையில் பெரும்பாலும் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வார வாடகைக்குத்தான் தருவார்கள். படுக்கை விரிப்பு, துவாய் எல்லாம் நீங்கள் கொண்டு போக வேண்டும், அல்லது தனியாகப் பணம் கட்ட வேண்டும். மின்சாரம் மீட்டர் பார்த்துத் தனிக் கணக்கு. கடைசியில் துப்புரவுக் கட்டணமும் வரும். வாடகையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

தீவில் மளிகைக் கடை இருக்கிறது. காய்கறி, பால், தயிர், உருளைக்கிழங்கு பிரச்சினை இல்லை. அரிசி, பருப்பு, தூள், கறிவேப்பிலை, ஒரு சின்னக் குக்கர் வீட்டிலிருந்து எடுத்துப் போங்கள். உணவகங்களில் சைவம் என்றால் தேர்வு குறைவு.

உங்களுக்கும் பிள்ளைக்கும் ஓஸ்டர்பி ஹவ்ன். அங்கே படகில் வந்து இறங்குகிற சின்னச் சிங்கி இறால்தான் தீவின் பெருமை. வெண்ணெயும் தீவு உப்பும் போட்டு வாட்டித் தருவார்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் அதற்கென்று திருவிழாவே உண்டு, அமைதி வேண்டும் என்றால் அந்த வார இறுதியைத் தவிருங்கள்.

தெற்கத்திக்காரன்

மலர் அக்கா, குதிரை வண்டி, உப்புக் குளியல் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் என் கருத்து முழுக்க மாறவில்லை. ஒரே ஒரு முறை வருகிற பெற்றோர் என்றால் போர்ன்ஹோல்ம்தான் என் முதல் பரிந்துரை. லேஸோ இங்கேயே வாழ்கிற நமக்கு ஏற்ற இடம்.

ஆழிமகன்

பெற்றோர் எதைத் தேடி வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது அது. அந்த அம்மாவுக்குக் கூட்டம் ஆகாது என்று முதல் பதிவிலேயே இருக்கிறது. அப்பா விறகைப் பற்றிக் கேட்கிறவர். கோட்டையைப் பார்த்தால் யார் கட்டினார், யார் பிடித்தார் என்று தெரியும். லேஸோவில் சாதாரண மக்கள் எதைச் சமைத்தார்கள், எதை எரித்தார்கள், எதை இழந்தார்கள், இழந்த பிறகு எப்படிப் பிழைத்தார்கள் என்று தெரியும். எனக்கு இரண்டாவதுதான் பெரிய வரலாறு.

கோபன்ஹேகன்_நிலா

எல்லாருக்கும் நன்றி. வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டோம். ஜூலை நடுவில் ஒரு வாரம் லேஸோ, பியூரும் பக்கத்தில் வீடு. அங்கிருந்து உப்புக் குடிசையும் சதுப்பும் கிட்டே, பஸ்ஸும் போகிறது. தெற்கத்திக்காரன் அண்ணா சொன்ன போர்ன்ஹோல்முக்கு நாங்கள் மூவரும் இலையுதிர் கால விடுமுறையில் போகிறோம்.

கடைசியாக ஒன்று: குதிரை வண்டிக்குக் காலை நல்லதா, மாலையா?

ஹேர்னிங்_மலர்

நேரத்தை அவர்கள்தான் சொல்வார்கள் தங்கச்சி, நீர்மட்டத்தையும் காற்றையும் பார்த்துச் சில நாள் மாற்றுவார்கள். வாரத் தொடக்கத்திலேயே ஒரு நாளுக்குப் பதிந்துவிடுங்கள். காற்று அதிகமாகித் தள்ளிப்போனாலும் பிறகு போக நாள் மிச்சம் இருக்கும்.